டார்லீன் லவ்வின் இரண்டாவது பாட்டு

அமெரிக்கப் பாடகி டார்லீன் லவ்வைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் ஏறக்குறைய எல்லோருமே பெவர்லி ஹில்ஸ் பங்களா ஒன்றின் குளியலறையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பாட்டு வாய்ப்புகள் வற்றிப்போய், 1980களின் தொடக்கத்தில் பணக்கார வீடுகளில் துப்புரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார் அவர். குளியலறையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்த ஒரு டிசம்பர் நாளில் வானொலி ஒரு கிறிஸ்துமஸ் பாட்டைப் போட்டது. பாடியது அவரேதான், 1963இல். தாம் இருக்க வேண்டிய இடம் இதுவன்று என்று அப்போது அவருக்கு உறைத்தது. மறுபடியும் பாடப் புறப்பட்டார். அவரே பல முறை சொல்லியிருக்கும் நிகழ்ச்சி இது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவருடைய வாழ்க்கைக் கதையில் இந்தக் குளியலறைக்குக் கொடுக்கப்படும் இடம் எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைத் தொடக்கமாக வைத்துவிட்டால், அதற்கு முன்பு அவர் ஒரு நட்சத்திரமாக இருந்து விழுந்தார் என்றும், பிறகு எழுந்தார் என்றும் கதை தானாகவே வடிவம் கொண்டுவிடுகிறது. உண்மையில் அவர் தம் உழைப்புக் காலத்தின் பெரும்பகுதியில் விழுந்தவரும் அல்லர், எழுந்தவரும் அல்லர். வேலைக்குப் போய்வந்த ஒரு பின்னணிக் குரல் பாடகி.

பின்னணிப் பாடகி என்றால் நம் ஊரில் பி. சுசீலாவும் எஸ். ஜானகியும் நினைவுக்கு வருவார்கள்; நான் சொல்வது அவர்களை அன்று. முன்னால் ஒருவர் பாட, பின்னால் மூன்று நான்கு பேராக நின்று 'ஊ' என்றும் 'ஆ' என்றும் இழுத்து, வரியின் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்லி, பாட்டுக்கு ஓர் அடித்தளம் போடுகிறவர்களைச் சொல்கிறேன். அவர்களைப் பற்றி 2013இல் ஓர் ஆவணப்படம் வந்து, அடுத்த ஆண்டு ஆஸ்கர் விருதும் பெற்றது. விருது மேடையிலேயே டார்லீன் லவ் ஒரு நற்செய்திப் பாடலை எடுத்துப் பாட, அரங்கமே எழுந்து நின்றது. நல்ல படம்தான். ஆனாலும் பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு உள்ள தூரத்தை அளப்பதிலேயே அதன் கண் இருந்தது. அங்கே நிற்பவர் யாராக இருந்தாலும் அந்தத் தூரத்தைக் கடக்கத்தான் ஏங்கிக்கொண்டிருப்பார் என்று ஓர் எண்ணம் அதன் அடியில் ஓடியது. நான் திருச்சபைக் கொயரில் பல ஆண்டுகளாக இரண்டாம் வரிசையில் ஆல்டோ என்ற தாழ்ந்த பெண்குரல் பாடுகிறவள். எனக்கு அந்த ஏக்கம் கிடையாது, என் பக்கத்தில் நிற்கும் அக்காமார் பலருக்கும் கிடையாது. ஆகவே இதில் நான் நடுநிலையானவள் இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அவருடைய தன்வரலாறான 'மை நேம் இஸ் லவ்' 1998இல் வெளிவந்தது. பத்திரிகையாளர் ஒருவரின் துணையோடு எழுதப்பட்ட நூல். அமெரிக்கப் பாப் இசை நூல்களுக்கே உரிய வம்பும் அதில் கொஞ்சம் உண்டு. அந்தப் பக்கங்களை நான் வேகமாகப் புரட்டினேன். என்னைப் பிடித்து நிறுத்தியவை வேலையைப் பற்றிய பக்கங்கள்.

மூன்று பேர், ஒரு குரல்

1941இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தபோது அவர் பெயர் டார்லீன் ரைட். தந்தை சபைப் போதகர். கோயிலில் பாடிப் பழகிய குரல் பள்ளிக்கூட நாட்களிலேயே 'ப்ளாஸம்ஸ்' என்ற பெண்கள் குழுவில் போய்ச் சேர்ந்தது. அந்தக் குழு தன் பெயரில் போட்ட இசைத்தட்டுகள் பெரிதாக ஓடவில்லை. ஆனால் மற்றவர்களின் தட்டுகளில் பின்குரல் கொடுக்கும் வேலை குவிந்தது. அதுவரை லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் அந்த வேலையைச் செய்துவந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பாடகிகள். இசைக்குறிப்பை வைத்துக்கொண்டு எழுதியதை எழுதியபடி பாடுவார்கள். ப்ளாஸம்ஸ் பெண்கள் கோயில் பாட்டின் கூர்மையான காதோடு உள்ளே வந்தார்கள். எதைக் கேட்டாலும் அங்கேயே பிரித்துக்கொண்டு மூன்று சுருதியில் பாடிக் கொடுத்தார்கள். பாட்டு எந்தப் பாணியைக் கேட்டதோ அந்தப் பாணிக்குக் குரலை மாற்றிக்கொள்ளவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1962ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஏப்ரலில் ஷெல்லி ஃபேபரேயின் 'ஜானி ஏஞ்சல்' அமெரிக்கப் பாட்டுகளைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது, பின்னால் ப்ளாஸம்ஸ். அக்டோபரில் பாபி பிக்கெட்டின் 'மான்ஸ்டர் மேஷ்' என்ற வேடிக்கைப் பாட்டு முதலிடம், பின்னால் ப்ளாஸம்ஸ். நவம்பர் தொடக்கத்தில் அதைக் கீழே தள்ளிவிட்டு முதலிடத்துக்கு வந்தது, நாம் பேசப்போகும் 'ஹீ'ஸ் எ ரெபல்'. ஒரே ஆண்டில் மூன்று முதலிடப் பாட்டுகள். அவற்றில் இரண்டு அடுத்தடுத்து வந்தவை. எந்தத் தட்டின் முகப்பிலும் அவர்கள் பெயர் இல்லை. பிறகு 1964 முதல் ஏபிசி தொலைக்காட்சியின் 'ஷிண்டிக்' நிகழ்ச்சியில் வாராவாரம் தோன்றினார்கள். 1968 டிசம்பரில் எல்விஸ் பிரெஸ்லி மீண்டு வந்ததாகப் பேசப்பட்ட என்பிசி சிறப்பு நிகழ்ச்சியில், நற்செய்திப் பாடல் பகுதியில், அவருடன் நின்று பாடும் கறுப்பினப் பெண்கள் இவர்களே. படப்பிடிப்பின் இடைவேளைகளில் எல்விஸ் இவர்களோடு உட்கார்ந்து பழைய கோயில் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்ததை டார்லீன் லவ் மிகுந்த பிரியத்தோடு நினைவுகூர்கிறார். அங்கே அவர் ஏமாற்றப்பட்டவராக இல்லை. தொழிற்சங்கம் நிர்ணயித்த ஊதியத்தை வாங்கிக்கொண்டு, தம்முடைய தொழிலில் தமக்கு மேல் ஆள் இல்லை என்று தெரிந்தவராக இருக்கிறார்.

இந்தத் தொழிலில் கெட்டிக்காரத்தனம் என்பது என்ன என்று வெளியே இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. எங்கள் கொயர் மாஸ்டர் கிறிஸ்துமஸ் பயிற்சியின்போது ஆண்டுதோறும் சொல்வார்: "கடைசி 'ஸ்' ரெண்டு பேர் சொன்னாப் போதும்மா. எல்லாரும் சொன்னா பாம்பு சீறுற மாதிரி இருக்கும்." மற்றவர்கள் அந்தச் சொல்லை 'ஸ்' இல்லாமலே முடித்துவிட வேண்டும். 'ஆ' என்று இழுக்கும்போது பக்கத்தில் இருப்பவர் வாயை எவ்வளவு திறக்கிறாரோ அவ்வளவே திறக்க வேண்டும். குரலில் அதிர்வு உள்ளவர் அதை அடக்க வேண்டும். எங்கே மூச்சு எடுப்பது என்று முன்பே பேசி வைத்துக்கொண்டு ஆளுக்கோர் இடத்தில் எடுத்தால்தான் இழுப்பு அறாது. நாங்கள் ஒரு பாட்டுக்கு மாதக்கணக்கில் செய்யும் இந்த வேலையை, ப்ளாஸம்ஸ் பெண்கள் ஒரே நாளில் வேறு வேறு கூடங்களில், முன்பின் கேட்டிராத மெட்டுகளுக்கு, சில நிமிடங்களில் செய்து கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கிறார்கள். தனித்துக் கேட்காமல் இருப்பதுதான் அங்கே தேர்ச்சி. அப்படியானால், பெயர் தெரியாமல் இருந்ததையே அவர்களுக்கு நேர்ந்த அநீதி என்று மொத்தமாகச் சொல்லிவிடலாமா? தன்வரலாற்றைப் படித்து முடித்த பிறகு எனக்கு அடங்காத கேள்வி இதுதான்.

முதல் பாட்டும் அடுத்ததும்

இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரின் கதையை அறியாத பாப் இசை வாசகர்கள் குறைவு. எனவே சுருக்கமாகச் சொல்கிறேன். 1962 ஜூலையில் ஜீன் பிட்னி எழுதிய 'ஹீ'ஸ் எ ரெபல்' பாட்டு ஸ்பெக்டர் கைக்கு வந்தது. அதே பாட்டை விக்கி கார் என்ற பாடகியைக் கொண்டு லிபர்ட்டி நிறுவனம் பதிவு செய்யவிருந்தது. முந்திக்கொண்டு வெளியிட வேண்டிய அவசரம். ஸ்பெக்டருடைய நிறுவனத்தின் வெற்றிக் குழுவான 'கிறிஸ்டல்ஸ்' பெண்களோ நாட்டின் மறுகோடியில் இருந்தார்கள். அவர்கள் வரும்வரை காத்திருக்காமல், ஹாலிவுட்டின் கோல்டு ஸ்டார் கூடத்தில் டார்லீனையும் ப்ளாஸம்ஸ் குழுவையும் வைத்துப் பாட்டை முடித்து, கிறிஸ்டல்ஸ் பெயரிலேயே வெளியிட்டுவிட்டார். குரலைத் திருடிய கதை என்று உலகம் நினைவில் வைத்திருப்பது இதைத்தான்.

ஆனால் தன்வரலாற்றில் டார்லீன் லவ் இதைப் பற்றி அவ்வளவாகக் கொதிக்கவில்லை. அது வேறொரு குழுவின் பெயரில் வரப்போகிறது என்று தெரிந்துதான் பாடினார். வழக்கமான ஊதியத்தைவிடக் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்னொரு நாள் வேலை என்ற கணக்கிலேயே வீட்டுக்குப் போனார். பாட்டு முதலிடத்துக்கு வந்தபோது அவருக்கு வருத்தம் இருந்திருக்காது என்று சொல்லவில்லை. ஆனால் பேசிய பேச்சு மீறப்படவில்லை. சொல்லப்போனால் அந்தப் பாட்டினால் முதலில் அவமானப்பட்டவர்கள் கிறிஸ்டல்ஸ்தான். புரூக்ளினிலிருந்து வந்த அந்தக் கறுப்பினச் சிறுமிகள், தாங்கள் பாடாத பாட்டுக்கு மேடைகளில் கைதட்டல் வாங்க வேண்டியதாயிற்று. அதுவரை முன்குரல் பாடிவந்த பார்பரா ஆல்ஸ்டனின் மென்மையான குரலுக்கு டார்லீனின் அந்தக் கனத்த கோயில் குரல் எட்டவில்லை; 15 வயது லா லா புரூக்ஸ்தான் மேடையில் அதைத் தாங்கினார். தங்கள் பெயரிலேயே வந்த தட்டைக் கேட்டு, வேறொருத்தியைப் போலப் பாடப் பழகுவது என்ன கொடுமை என்பதை எழுதுவோர் மிகவும் குறைவு. டார்லீனுக்கு இரங்கும் கட்டுரைகளில் கிறிஸ்டல்ஸ் ஏதோ களவுப் பொருளை வாங்கி வைத்துக்கொண்டவர்களைப் போலத்தான் வந்துபோகிறார்கள்.

திருப்பம் அடுத்த பாட்டில் இருக்கிறது. பேரி மேனும் சிந்தியா வீலும் எழுதிய 'ஹீ'ஸ் ஷூர் தி பாய் ஐ லவ்'. முதல் பாட்டின் வெற்றிக்குப் பிறகு, இனி ஒருநாள் கூலியோடு போவதில்லை, தம் பெயரிலேயே பாட வேண்டும் என்று டார்லீன் கேட்டார். ஸ்பெக்டரும் ஒப்புக்கொண்டார். டார்லீன் ரைட் என்ற பெயரை டார்லீன் லவ் என்று மாற்றியதும் அவரே. தம் சொந்தப் பெயரில் வரப்போகும் தட்டு இது என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பெண் ஒலிவாங்கியின் முன் நின்றார். தட்டு வெளியானபோது அவர் காரில் போய்க்கொண்டிருந்தார். வானொலி அறிவிப்பாளர் கிறிஸ்டல்ஸின் புதிய பாட்டு என்று அறிவித்தார். அதைத் தொடர்ந்து காருக்குள் ஒலித்தது அவருடைய குரல்.

இந்தப் பாட்டை இப்போது கேட்கும்போதெல்லாம் அதன் தொடக்கத்தில் நான் நின்றுவிடுகிறேன். பாடுவதற்கு முன், ஒரு பெண் தன் மனத்துக்கு உகந்தவனைப் பற்றிக் கனவு கண்டதைப் பேச்சுக் குரலில் சொல்லத் தொடங்குகிறாள். பின்குரல்களுக்குள் கரையத் தெரிந்த ஒருத்தி, இங்கே எதற்குள்ளும் கரையவில்லை. இதில் மூச்சு தெரிகிறது, நாக்கு தெரிகிறது, ஆள் தெரிகிறது. அடையாளத்தை மறைத்துப் பாடும் தொழிலில் பழகியவர், அடையாளம் உங்களுடையதே என்ற உறுதியின் பேரில் அதைத் திறந்து காட்டியிருக்கிறார். திறந்து காட்டியதை எடுத்து வேறு பெயர் ஒட்டி விற்றிருக்கிறார்கள். அந்தத் தட்டு 1963 தொடக்கத்தில் 11ஆம் இடம் வரை போயிற்று. அதற்குப் பின்னர்தான், முதன்முறையாக அவர் பெயரில் பாட்டுகள் வரத் தொடங்கின. அவை அடைந்த இடங்கள் 39, 26, 53. முதலிடத்தையும் பதினொன்றையும் ஏற்கெனவே வேறு பெயருக்குக் கொடுத்துவிட்ட குரல், கடைக்குப் போய்த் தட்டு வாங்குகிறவர்களுக்குப் புதுமுகமாகவே அறிமுகமாக வேண்டியிருந்தது.

எனவே குற்றம் எதுவென்று கேட்டால் என் விரல் இந்த இரண்டாவது பாட்டைத்தான் காட்டும். பின்னால் நின்றது குற்றமில்லை. முதல் பாட்டு ஒரு மோசமான வணிகம், அவ்வளவே. இரண்டாவதுதான் வாக்குத் தவறிய பறிப்பு. இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்து, 'அங்கீகாரம் கிடைக்காத பாடகி' என்ற ஒரே துயரமாக ஆக்கிவிட்டால், டார்லீன் லவ்வின் கோபம் எதன்மீது என்பதே மங்கிப்போகிறது. பின்வரிசைப் பெண்கள் எல்லோரும் தோற்றுப்போன முன்வரிசைப் பெண்கள் என்றும் ஆகிவிடுகிறது. அவருக்கு முன்னுக்கு வரும் ஆசை இருந்தது, அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் ஆசை இருந்ததாலேயே அவர் பின்னால் நின்று செய்த வேலை காத்திருப்பு அறையாகிவிடாது.

வானொலியும் சட்டமும்

இனி அந்தக் குளியலறைக்கு வருகிறேன். கிறிஸ்துமஸ் பாட்டு அவருடைய பெயரிலேயே வந்த பாட்டு. லாஸ் ஏஞ்சலிஸ் கோடையின் புழுக்கத்தில் பதிவாகி, 1963 நவம்பர் 22 அன்று, ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட அதே நாளில் வெளியான தொகுப்பில் இருந்தது. அந்த ஆண்டு யாருக்கும் அதைக் கேட்கும் மனநிலை இல்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் அது டிசம்பர்தோறும் ஒலிக்கத் தொடங்கியது. கேட்பவர்கள் நினைப்பது, பெயர் சரியாகப் போடப்பட்ட பாட்டாயிற்றே, ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் அவருக்கு ஏதாவது வந்திருக்குமே என்பது. அமெரிக்கச் சட்டப்படி, சாதாரண வானொலி நிலையங்கள் ஒரு பாட்டைப் போட்டால் அதை எழுதியவருக்கும் வெளியீட்டாளருக்கும் பணம் தர வேண்டும். பாடியவருக்குத் தர வேண்டியதில்லை. எத்தனையோ நாடுகளில் இல்லாத இந்த வழக்கம் அங்கே இன்றும் தொடர்கிறது. அன்று அந்தக் குளியலறையில் பாட்டு ஒலித்ததற்காக, எலி கிரீன்விச், ஜெஃப் பேரி என்ற இருவரோடு பாட்டின் ஆசிரியர்களில் ஒருவராகப் பெயர் போட்டுக்கொண்டிருந்த ஸ்பெக்டரின் கணக்கில் காசு சேரும். தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவருக்கு எதுவும் சேராது. இந்த விவரம் தெரிந்த பிறகு, அந்தக் காட்சியை ஆன்ம விழிப்பாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. கூலிக் கணக்காகவும் அது தெரிகிறது.

அதற்கு முன் 1970களில் அவர் பாடகி டியான் வார்விக்கின் பின்னால் பல ஆண்டுகள் பாடிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார். ஸ்பெக்டரிடமிருந்து விலகி பிலடெல்பியாவின் கேம்பிள்–ஹஃப் இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்தபோது, அந்த ஒப்பந்தமும் கைமாறி மறுபடி ஸ்பெக்டரிடமே போய்ச் சேர்ந்தது. அலுப்பூட்டும் அளவுக்குக் கொடூரமான திருப்பம். திரும்பி வந்த பிறகு நடந்தவை ஓரளவு எல்லோருக்கும் தெரிந்தவை: 1985இல் பிராட்வே மேடை, 1986 முதல் 2014 வரை டேவிட் லெட்டர்மனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஏறக்குறைய ஆண்டுதோறும் அதே கிறிஸ்துமஸ் பாட்டு, 'லீதல் வெப்பன்' படங்களில் டேனி குளோவரின் மனைவி வேடம். 1990களில் ஸ்பெக்டர்மேல் வழக்குத் தொடுத்து, உரிமத் தொகை பாக்கியாகச் சுமார் 2 லட்சத்து 63 ஆயிரம் டாலர் வென்றார். பெரிய தொகை போலத் தெரியும். அந்தக் குரலை வைத்து முப்பது ஆண்டுகளாக விற்ற தட்டுகளோடு வைத்துப் பார்த்தால் சில்லறை.

2011இல் ராக் அண்டு ரோல் புகழ் மன்றத்தில் அவரைச் சேர்த்தார்கள்; அறிமுகம் செய்துவைத்தவர் பாடகியும் நடிகையுமான பெட் மிட்லர். எனக்கு அதில் மகிழ்ச்சிதான், ஆனாலும் ஒரு குறுகுறுப்பு. அதே மன்றம் 2000இல், பின்னணியில் வாசித்தவர்களுக்கென்றே ஒரு தனிப் பிரிவைத் தொடங்கியிருந்தது. முதல் ஆண்டுப் பட்டியலில் ஐந்து பேர்: ஹால் பிளேன், எர்ல் பாமர், ஜேம்ஸ் ஜேமர்சன், ஸ்காட்டி மூர், கிங் கர்ட்டிஸ். டிரம்ஸ், பேஸ், கிட்டார், சாக்ஸஃபோன். ஐவரும் ஆண்கள், ஐவரும் கருவிக்காரர்கள். கோல்டு ஸ்டார் கூடத்தில் டார்லீனின் அதே தட்டுகளில் டிரம்ஸ் வாசித்தவர் ஹால் பிளேன். பின்னால் இருந்து அவர் செய்த வேலைக்காகவே, பின்னால் இருந்தவராகவே அவரை மதித்தார்கள். அவர் ஏன் முன்வரிசை நட்சத்திரமாகவில்லை என்று யாரும் உச்சுக்கொட்டவில்லை. டார்லீன் லவ் உள்ளே வந்ததோ முன்வரிசைக் கலைஞராக. அவர் பின்னால் நின்று எல்விஸுக்கும் டியான் வார்விக்குக்கும் கொடுத்த குரலுக்கு அங்கே ஒரு பெயர்ப்பலகை இல்லை. டிரம்ஸ் வாசிப்பது திறமை, 'ஊ' பாடுவது முன்னேற முடியாமை என்று ஒரு கணக்கு அதில் ஒளிந்திருக்கிறது.

பழைய தட்டுகளில் பெயரை மாற்ற வேண்டுமா என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. இன்றும் பாட்டுச் செயலிகளில் தேடினால் இரண்டு பாட்டுகளும் பெரும்பாலும் கிறிஸ்டல்ஸ் பெயரில்தான் கிடைக்கின்றன. என்னைக் கேட்டால் 'ஹீ'ஸ் எ ரெபல்' தட்டில் கை வைக்க மாட்டேன். டார்லீன் தெரிந்தே கொடுத்தது அது. லா லா புரூக்ஸ் மேடை மேடையாகச் சுமந்ததும் அதுதான். முன்குரல் டார்லீன் லவ் என்றும், பின்குரல் ஃபனீட்டா ஜேம்ஸ் உள்ளிட்ட ப்ளாஸம்ஸ் குழுவினர் என்றும் கீழே ஒரு வரி சேர்த்தால் போதும். 'ஹீ'ஸ் ஷூர் தி பாய் ஐ லவ்' மட்டும் வேறு. அதில் கிறிஸ்டல்ஸ் பெயரை எடுத்துவிட்டு டார்லீன் லவ் என்று போட வேண்டும். 1962இலேயே போடுவதாகச் சொன்ன பெயர்தான்.